சேர்வு இடாப்பும் ஒரு ஹாட் டிஸ்க்கும்



விடுகைப் பத்திரம் கேட்டு வந்து, "சிஸ்டம் பிழைச்சிட்டு, மறுகா வாங்க" என்ற பதிலோடு திரும்பிப் போனவர்கள் இந்த இரண்டு மாதத்தில் நிறையப் பேர். சிலர் ஏசிவிட்டும் போனார்கள். ஏசியதில் நியாயம் இருக்கிறது. நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். கடைசியில் ஓர் உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது.

நமது பாடசாலையின் பழைய சேர்வு இடாப்புகள் 2004 டிசம்பர் 26 அன்று கடல் தண்ணீரில் ஊறியவை. மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்து, பின்னாளில் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணினோம். 1995க்குப் பிந்திய பெயர்களைத் தட்டச்சும் செய்தோம். அதற்கு முந்தியது படமாக மட்டுமே கிடந்தது. "அதுதான் ஸ்கேன் பண்ணியாச்சே" என்று இடாப்புகளைக் களஞ்சிய அறையில் போட்டோம். மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது.

இதற்கான மென்பொருளைச் செய்து தந்தவர் நம்முடைய பழைய மாணவர், இப்போது கட்டாரில். அது ஒரு பழைய உபுண்டுவில்தான் ஓடும். அந்த இயந்திரம் பழுதானபோது, வேர்ச்சுவல்பொக்ஸ் என்பதற்குள் அதை அப்படியே தூக்கி வைத்துவிட்டார். கொம்பியூட்டருக்குள் இன்னொரு கொம்பியூட்டர். உள்ளே இருப்பது தனக்கென்று தனி டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் அந்த டிஸ்க், வெளியே உள்ள ஹாட் டிஸ்க்கில் கிடக்கும் ஒரேயொரு பெரிய கோப்பு. எங்களுடையது 38 ஜீபீ.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நோன்பு தொடங்க இருந்த கிழமை. அலுவலக யூ.பி.எஸ். பட்டரி செத்து ஆறு மாதம். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வேலை செய்தோம். ஒரு பதிவு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்து பார்த்தால் கறுப்புத் திரை. கோப்பு முறைமையில் முரண்பாடு இருக்கிறது, எஃப்.எஸ்.சி.கே. கட்டளையைக் கையால் ஓட்டு என்றது.

இணையத்தில் தேடினால் எல்லாரும் சொல்வது அதைத்தான்: அந்தக் கட்டளையை அடி, கேட்பதற்கெல்லாம் ஆம் என்று சொல். அடித்தும்விட்டோம், என்டர் மட்டும்தான் பாக்கி. என்ன நினைத்தோமோ, திரையைப் படம் பிடித்து கட்டாருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். உடனே வீடியோ கோல்.

"சேர், கைய எடுங்க. கொப்பி இரிக்கா?"

"ஸ்னாப்ஷொட் இரிக்கி மகன்."

"அது எங்க கிடக்கு?"

அதே டிஸ்க்கில். ஸ்னாப்ஷொட் என்பதைக் காப்புப் பிரதி என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தோம். அது மூலக் கோப்பில் சாய்ந்து நிற்கும் ஒரு கோப்பு மட்டுந்தான். மூலம் போனால் அதுவும் போகும். பாட நேரத்தில் பிள்ளைகளுக்கு நாங்களே பிழையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், அல்லாஹ் மன்னிக்கணும்.

முதலில் அந்த 38 ஜீபீயை வெளி டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணச் சொன்னார். பாதியில் நின்றது. திரும்பவும் பண்ணினோம், அதே இடத்தில் நின்றது. அப்போதுதான் விளங்கியது, நோய் உள்ளே இருந்த கொம்பியூட்டரில் மட்டுமில்லை. அதைச் சுமந்துகொண்டிருந்த ஹாட் டிஸ்க்கே செத்துக்கொண்டிருக்கிறது. அன்று என்டரை அழுத்தியிருந்தால், சாகும் டிஸ்க்கில், ஒரேயொரு பிரதியின் மேல் எழுதத் தொடங்கியிருக்கும்.

உள்ளமைப்பிலும் ஒரு குறை. நாங்கள் பாவித்த பழைய ஐ.டி.ஈ. அமைப்பில், "இதை இப்பவே டிஸ்க்கில் எழுது" என்று உள்ளே இருப்பது சொன்னாலும் வேர்ச்சுவல்பொக்ஸ் வேகத்துக்காக அதைக் கணக்கெடுக்காமல் விடுவதுதான் வழமை. உள்ளே எழுதியாச்சு என்று நினைக்கும், தரவு வெளியே நினைவகத்தில் நிற்கும். கரண்ட் போனால் அந்த இடைவெளியில் நின்றது போச்சு.

பிறகு டிடிரெஸ்கியூ. பென் டிரைவில் லினக்ஸ் போட்டு, அதிலிருந்து கொம்பியூட்டரைத் தொடக்கி, முழு டிஸ்க்கையும் புது வெளி டிஸ்க்குக்கு இழுத்தோம். வாசிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், நல்லதை முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து முயற்சிக்கும். எது எடுத்தாச்சு, எது பாக்கி என்று ஒரு கணக்குக் கோப்பும் வைத்திருக்கும். கரண்ட் போனால் அந்தக் கோப்பைக் காட்டி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதையும் வெளி டிஸ்க்கிலேயே வைக்கச் சொன்னார், இல்லாவிட்டால் கரண்டோடு கணக்கும் போயிருக்கும். கரண்ட் இருந்த நேரத்திலெல்லாம் ஓட்டி மூன்று நாளில் முடிந்தது. ஸஹர் நேரத்தில் கரண்ட் வந்தபோது பாடசாலைக்கு ஓடியதும் உண்டு.

எடுத்த பிரதிக்கு இன்னொரு பிரதி போட்டோம். திருத்தும் வேலை அந்த இரண்டாவதில். முதலில் எதையும் மாற்றாமல் பிழையை மட்டும் பட்டியலிடும் முறையில் ஓட்டிப் பார்த்தோம். பட்டியல் திரையைத் தாண்டிப் போனது. பிறகுதான் திருத்தவிட்டோம். அது கோப்பு முறைமையைத்தான் நேராக்கும். அதற்குள் உங்கள் உம்மாவின் பெயர் இருந்ததா என்பது அதற்குத் தேவையில்லாத விசயம். எந்தக் கோப்புறைக்குச் சொந்தம் என்று தெரியாதவற்றையெல்லாம் லொஸ்ட் அன்ட் ஃபௌன்ட் என்ற ஒரே இடத்தில், பெயரில்லாமல், வெறும் இலக்கம் போட்டுக் கொட்டியிருந்தது. ஸ்கேன் படங்களில் அறுநூற்றுச் சொச்சம் அங்கேதான்.

தரம் 10 பிள்ளைகள் ஏழு பேர் நோன்பு லீவில் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு படமாகத் திறந்து, சேர்வு இலக்கத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். வேலை பாதி நாள் நின்றே போனது, காரணம் "சேர், இது எங்கட வாப்பா!" என்று ஒருத்தி கத்தியதும் எல்லாரும் தங்கள் தங்கள் ஆட்களைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். நாங்களும் தடுக்கவில்லை.

தட்டச்சு செய்த பெயர்கள் முழுதாகக் கிடைத்தன, அல்ஹம்துலில்லாஹ். படங்களில் 43 பக்கம் கிடைக்கவில்லை. சில பக்கத்தில் மேல்பாதி தெளிவாக இருக்கிறது, கீழ்பாதி வெறும் சாம்பல் நிறம். பெரும்பாலும் 1979 முதல் 1983 வரை சேர்ந்தவர்கள்.

ஆகவே கேட்கிறோம். அந்த வருடங்களில் சேர்ந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள், வீட்டில் பழைய விடுகைப் பத்திரமோ தேர்ச்சி அறிக்கையோ இருந்தால் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கேயே படம் எடுத்துவிட்டுக் கையோடு திருப்பித் தருவோம். மௌத்தானவர்களுடையதும் வேண்டும். புது யூ.பி.எஸ். பட்டரி போட்டாச்சு. பிரதிகள் இப்போது மூன்று, அதில் ஒன்று பாடசாலைக்கு வெளியே.

நேற்று முதல் ஆளாக ஓர் உம்மா வந்தா. ஷொப்பிங் பேக்கில் சுற்றி, அதற்குள் இன்னொரு பேக்கில் சுற்றிக் கொண்டு வந்திருந்தா. சாம்பல் நிறமான ஒரு பக்கத்தின் கீழிருந்து நான்காவது வரி அவவுடையது.