இடைவழியில் ஒரு நிலையம்

பெரிய நகரங்களின் புகையிரத நிலையங்களைப் பற்றி எழுதியோர் பலர். இடைவழியிலுள்ள சிறு நிலையமொன்றை நின்று நோக்குவோர் சிலரே. வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் நிலையம் அத்தகையது. அண்மையில் அவ்வழி சென்ற நாம், சிறிது பொழுது அங்கே தங்கி அதன் வரலாற்றை எண்ணிப் பார்த்தோம்.

குளமும் வயலும் காடும் சூழ்ந்த இவ்வூருக்கு இருப்புப் பாதை வந்தது ஊரவர் பொருட்டன்று. மதவாச்சியிற் பிரிந்து தலைமன்னார்வரை செல்லும் 106 கிலோமீற்றர் நீளமான இக்கிளைப்பாதை, இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் நோக்குடன் இடப்பட்டது. முற்காலத்திலே மன்னாரிலிருந்து மலைநாட்டுக்குக் காட்டுவழியே நடந்த தோட்டத் தொழிலாளருள், நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலமும் இப்பாதையும் திறக்கப்பட்டபின், சென்னையிற் புறப்பட்டவர் தனுஷ்கோடியிற் கப்பலேறி, தலைமன்னாரில் மீண்டும் வண்டியேறிக் கொழும்பை அடைந்தனர். வணிகரும் மாணவரும் தொழிலாளரும் செட்டிகுளத்தைக் கடந்தே சென்றனர். மடுத் திருவிழாவுக்குச் செல்லும் அடியார்களும் இவ்வழியே வந்தனர்.

1964ஆம் ஆண்டு இப்பாதையின் போக்கை மாற்றிற்று. ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. டிசெம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடிற்று. பாட்டனார் பிழைப்புத் தேடி வந்த அதே தண்டவாளத்தின்மீது, இலங்கையிற் பிறந்த பேரர் கண்ணீருடன் வெளியேறினர். அவ்வண்டியை மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். ஏட்டிலோ அவர்கள் ‘தாயகம் திரும்புவோர்’!

1984இற் கப்பல் நின்றது. 1990இற் போரினால் வண்டியும் நின்றது. இருபத்துமூன்று ஆண்டுகள் இந்நிலையத்தில் எவரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. 2009இல், வன்னியிலிருந்து இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அருகிலுள்ள மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தபோதும் நிலையம் மௌனமாகவே கிடந்தது.

2013 மே மாதம் மடு வீதி வரையும், 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரையும் வண்டி மீண்டும் ஓடிற்று. பாதை மீண்டது, ஆயின் அங்கே காத்திருக்கக் கப்பல் இல்லை.

செட்டிகுளத்தின் விதியைச் செட்டிகுளத்தார் எழுதவில்லை. தொலைவிலிருந்த தலைநகரங்களும் கடலும் போருமே எழுதின. மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டு முதியோர் எவரேனும் இவ்வழி வந்தனரா, சென்றனரா என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விடையைக் குறித்து வையுங்கள். நிலையத்தின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கம் அதுவே.