எட்டா, பத்தா?

நண்டுக்குப் பத்துக் கால்கள் என்று கற்பிக்கிறோம். அலாஸ்காவை அடுத்த பேரிங் கடலின் குளிர்நீரில் வாழும் சிவப்பு அரச நண்டின் படத்தைக் காட்டினால், மாணவர் எட்டு என்றே எண்ணுவர். கொடுக்குகள் இரண்டு, நடக்கும் கால்கள் ஆறு. எஞ்சிய இரு சிறு கால்கள் ஓட்டுக்கடியில் மடங்கியிருந்து செவுள்களைத் துப்புரவு செய்கின்றன. கால்களை விரித்தால் 1.8 மீட்டர் வரை நீளும் இவ்வுயிர், காலிச் சங்கினுள் குடியிருக்கும் துறவி நண்டுக்கு உறவு. பெண் நண்டின் வயிறு ஒருபுறம் கோணியிருப்பது அதற்கொரு சான்று.

அன்பார்ந்த ஆசிரியர்களே, பெற்றோர்களே! எட்டு என்றெழுதிய குழந்தையின் விடையை உடனே சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். கண்டதை அது எழுதியிருக்கிறது. காணாத இரண்டைக் காட்டுவது நம் கடமையன்றோ?