ஆடற்கருவியில் அரிய உயிர்கள்

எளிதிற் கிடைப்பதனை இகழ்தலும் அரிதிற் கிடைப்பதனை விழைதலும் மாந்தர்க்கு இயல்பு. அவ்வியல்பினைச் சிறுவர்தம் விளையாட்டு ஒன்றிற் கண்டு வியந்த யாம், அதனை ஈண்டு ஒருசிறிது எடுத்துரைக்கப் புகுந்தனம். அஃது உலகெங்கும் போக்கிமான் என்னும் பெயரால் வழங்குவது. விளையாட்டுத்தானே என எள்ளாது அன்பர்கள் செவிசாய்ப்பாராக.

ஜப்பான் நாட்டினராகிய சதோஷி தஜிரி என்பார் இளமையிற் பூச்சிகளைத் தேடித் திரட்டுவதில் வேட்கை மிக்கவர். அவ்வேட்கையே பின்னாளில் ஓர் ஆட்டமாக உருக்கொண்டது. கையடக்கமான கேம் பாய் என்னும் கருவிக்கென அது 1996-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள், சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக வெளிவந்தது. ஆடுவோன் காடும் குகையும் கடந்து, எதிர்ப்படும் விந்தை உயிர்களைப் பந்துகளுள் அடக்கித் தன் துணையாக்கிக்கொள்ளல் வேண்டும். ஒரு பதிப்பிலுள்ள உயிர்களுட் சில மற்றொன்றில் இரா. ஆகலின் இருவர் தம் கருவிகளைக் கம்பியால் இணைத்து உயிர்களை மாற்றிக்கொண்டாலன்றி எவருடைய தொகுதியும் நிறைவுறாது.

அவ்வுயிர்களின் அருமை, யாம் ஆராய்ந்த அளவில், மூவகைப்படும்: ஒருமையால் வருவது, நேர்ச்சியால் வருவது, மறைவால் வருவது என.

ஒருமைக்குச் சான்று மூன்று பறவைகள். பனிக்குரியது ஆர்ட்டிகுனோ, மின்னலுக்குரியது சாப்டோஸ், தீக்குரியது மோல்ட்ரெஸ். இவ்வாங்கிலப் பெயர்களின் ஈறுகள் ஸ்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் பொருள்படுதல் மொழி பயில்வார்க்கு இன்பம் தருவதாம். ஒவ்வொன்றும் ஆட்டம் முழுவதிலும் ஓரிடத்தில் மட்டுமே எதிர்ப்படும். பிடிபடும் எளிமைக்கு ஆட்டத்துள் ஓர் எண் உண்டு. பிட்ஜி என்னும் எளிய பறவைக்கு அது 255, இவற்றுக்கோ 3. மிகத் தாக்கின் வீழ்ந்து மறையும். தாக்காது விடின் பந்துக்கு அடங்காது. எவ்வுயிரையும் தப்பாது பிடிக்கும் மாஸ்டர் பால் ஒன்றே ஒன்று வழங்கப்படும். அதனை இப்பறவைகளுக்கு இடுவதோ, குகையினுள் 70-ஆம் படிநிலையில் நிற்கும் மியூட்டூவுக்கென வைத்திருப்பதோ என்னும் கவலை ஆடுவோனைப் பலநாள் வருத்தும்.

நேர்ச்சியருமை 1999-ஆம் ஆண்டின் பொன், வெள்ளிப் பதிப்புகளில் தோன்றியது. 8,192 முறைக்கு ஒருமுறை என்னும் அளவில், அறிந்த உயிரே வேறு நிறத்தோடு மின்னித் தோன்றும். இதற்கு வலியும் வேண்டா, அறிவும் வேண்டா, பொறுமையொன்றே வேண்டும்.

மறைவருமைக்குச் சான்று மியூ. முதலாட்டம் முடிவுறும் தறுவாயில், பிழையாய்வுக்கென வைத்திருந்த பகுதியை நீக்கியதனால் எஞ்சிய ஏறத்தாழ 300 பைட் இடத்தில், ஷிகேகி மொரிமோட்டோ என்னும் நிரலாளர் இதனை மறைத்து வைத்தனர். இது 151-ஆம் உயிர். பின்னர்க் கோரோகோரோ என்னும் சிறுவர் இதழ் இருபதின்மர்க்கு மட்டும் இதனை வழங்குவதாக அறிவித்தபோது, 78,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர் என்ப.

எனினும், ஆக்கியோர் நினைப்பின் இருபதை இருபதினாயிரம் ஆக்கலாம். 8,192 என்னும் எண்ணையே 2013-இல் 4,096 எனப் பாதியாக்கினர். ஆகவே எண்ணால் வரும் அருமை பிறர் கையில் உள்ளது. வேறோர் அருமையும் உண்டு என்பதனை எம் இல்லத்து நிகழ்ச்சியால் அறிந்தனம்.

2004-இல் வெளிவந்த ஃபயர் ரெட் என்னும் பதிப்பு, பழையதாக வாங்கப்பெற்று, எம் தமையனாரிடம் இருந்தது. முற்கூறிய மூன்று பறவைகளையும் அவர் பிடித்திருந்தனர். தொழில் நாடி அயலூர் செல்லுங்கால் அதனை எமக்கு ஈந்தனர். ஆனால் அவ்வாட்டத்தில் ஒருவர் பயணமே பதிந்திருக்க இயலும். யாம் தொடங்கிப் பதியின் அவர் பயணம் அழியும். "அவை நான் தேடிக் கண்டவை, தம்பி, நீ உன்னுடையவற்றைக் கண்டுகொள்" என்றனர் அவர். எமக்கோ அழிக்க மனம் வரவில்லை.

அந்நாளில் எம் தெருத் தோழன் ஒருவன் லீஃப் கிரீன் என்னும் இணைப்பதிப்பு வைத்திருந்தான். கம்பியால் இரு கருவிகளையும் இணைத்து, மூன்று பிட்ஜிகளை ஈடாகத் தந்து, மூன்று பறவைகளையும் அவன் தன்பால் ஏற்றுக் காத்தான். அதன்பின்னரே யாம் புதிதாகத் தொடங்கினம். மாற்றிக்கொண்ட உயிர், போதிய பதக்கம் பெறாதார் ஏவலைக் கேளாது. ஆகலின் எட்டுப் பதக்கங்களும் பெறுமளவும் அவற்றைத் திரும்பக் கேட்டிலம். ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. அவன் தனக்கென வைத்துக்கொண்டிருப்பின் தடுப்பார் யார்? கேட்ட அன்றே மீண்டும் மூன்று பிட்ஜிகளை வாங்கிக்கொண்டு அவற்றைத் திருப்பி அளித்தான்.

இவ்வாட்டத்தில் ஓருயிர் எத்துணைக் கைம்மாறினும் அதனை முதலிற் பிடித்தார் பெயரும் ஐந்திலக்க எண்ணும் அதன் குறிப்பினின்று நீங்கா. இன்று எம் பேழையில் இரண்டு சாப்டோஸ் உள. ஒன்றில் எம் பெயர். மற்றொன்றில் தமையனார் பெயர். வலியில் இரண்டற்கும் பெரும் வேற்றுமை இல்லை. விலைக்குக் கொள்வார்க்கு இரண்டும் ஒன்றே. எமக்கோ, அவர் பெயர் தாங்கியதே அரியது. அவர் இரவிற் கண்விழித்துத் தேடிய பாடும், தோழனொருவன் ஓராண்டு காத்த நேர்மையும் அதன்கண் அடங்கியுள்ளன. அத்தகையது இன்னொன்றை எந்நிரலாளரும் இயற்றித் தருதல் இயலாது.

அன்பர்காள்! எத்துணைப் பேரிடம் இல்லை என எண்ணி ஒரு பொருளின் அருமையை அளப்பது உலகநெறி. யார் தேடியது, யார் காத்தது எனவும் வினவிப் பார்ப்பின், நம் இல்லத்துப் பேழைகளிலும் அரியன சில அகப்படும்.