மக்கு என்று ஒரு பிள்ளை உண்டா?

தோட்டத்து வீடாக இருந்தாலும் சரி, பட்டணத்து அடுக்குமாடி வீடாக இருந்தாலும் சரி, பரீட்சைத் தாள் வீட்டுக்கு வரும் நாளில் ஒரு சொல் தவறாமல் காதில் விழும். "மக்கு!" சொல்கிறவருக்கு அது கோபத்தில் வாய் தவறி வந்த சொல், மறுநாள் மறந்துவிடும். கேட்கிற பிள்ளைக்கோ அதுவே பெயராகி நிலைத்துவிடுகிறது.

பல ஆண்டுகளாகத் தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் எனக்குப் பெற்றோரின் முறையீடு மனப்பாடம். "டீச்சர், இவன் மண்டையில ஒண்ணும் ஏற மாட்டேங்குது. நாலு போட்டாவது படிக்க வையுங்க." இப்படிச் சொல்லும் தாயைக் குறை கூற எனக்கு மனம் வராது. விடியுமுன் வேலைக்குப் போய், வெயிலில் காய்ந்து திரும்புகிறவள் அவள். மகனாவது நிழலில் உட்கார்ந்து வேலை செய்யட்டும் என்ற ஏக்கம் அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் அவள் கொண்டுவரும் கேள்வி எளிதானதல்ல. பிள்ளைக்குப் படிப்பு ஏன் ஏறவில்லை?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மனோதத்துவம் எங்களுக்கு ஒரு பாடம். பெயர்களையும் ஆண்டுகளையும் பரீட்சைக்காக உருப்போட்டோம். அவற்றுக்கு உயிர் வந்தது வகுப்பறைக்குள் நுழைந்த பிறகுதான். அந்தத் தாயின் கேள்வியை மனோதத்துவ அறிஞர்கள் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோனால் என்ன பதில் சொல்வார்கள் என்று எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். வாசகர்களே, நீங்களும் உடன் வாருங்கள்.

ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வூண்ட் என்பவர் 1879-ஆம் ஆண்டில் மனத்தை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். தத்துவ சாஸ்திரத்தின் மடியில் இருந்த மனோதத்துவம் இறங்கித் தன் காலில் நடக்கத் தொடங்கியது அப்போதுதான் என்பார்கள். அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ், மனம் எவற்றால் ஆனது என்பதைவிட அது மனிதனுக்கு எப்படிப் பயன்படுகிறது என்று கேட்டார். அவர் ஆசிரியர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகள் 1899-இல் நூலாக வந்தன. மனோதத்துவம் விஞ்ஞானம், கற்பித்தல் கலை. விஞ்ஞானத்திலிருந்து கலை தானாகப் பிறந்துவிடாது, இடையில் ஆசிரியரின் சொந்த அறிவு வேலை செய்ய வேண்டும் என்று அவர் எச்சரித்தார். எந்தக் கொள்கையைப் படித்தாலும் நான் மறவாத எச்சரிக்கை இது.

அடுத்து வந்தவர்கள் நடத்தைக் கொள்கையினர். ரஷ்யாவில் பாவ்லோவ், உணவைக் காணாமலே, அது வரப்போவதை அறிவிக்கும் ஓசைக்கே நாய் எச்சில் ஊற்றப் பழகுவதைக் காட்டினார். அமெரிக்கரான வாட்சன் 1913-இல், கண்ணுக்குத் தெரியாத மனத்தை விட்டுவிட்டு நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்றார். 1920-இல் அவர் வெளியிட்ட ஒரு சோதனையைப் படித்தால் நெஞ்சு பதறும். வெள்ளெலியைக் கண்டு பயமே அறியாத ஒரு கைக்குழந்தை, அதைத் தொடப் போகும்போதெல்லாம் தலைக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்து ஓசை எழுப்பினார்கள். சில தடவைகளுக்குப் பிறகு எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலைக் கண்டும் மிரண்டது.

இன்று அப்படி ஒரு சோதனைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் அனுமதி தராது. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வாய்ப்பாட்டைத் திறக்கும்போதெல்லாம் ஓர் அதட்டல், தலையில் ஒரு குட்டு. சில மாதங்களில் பிள்ளைக்குப் புத்தகமே அந்த வெள்ளெலி ஆகிவிடுகிறது. "அடியாத மாடு படியாது" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரிசு, பாராட்டு ஆகியவற்றால் நடத்தையை உருவாக்கலாம் என்று காட்டிய ஸ்கின்னரே தண்டனையை எதிர்த்தார். தண்டனை ஒரு செயலைச் சிறிது காலம் அடக்கிவைக்கும், புதிதாக எதையும் கற்றுத்தராது என்பது அவர் முடிவு.

வியன்னாவின் பிராய்டு வேறு திசையைக் காட்டினார். மனத்தின் பெரும்பகுதி நமக்கே தெரியாமல் அடியில் கிடக்கிறது என்றார். அவருடைய கருத்துகளில் பலவற்றை இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆயினும் இரவெல்லாம் வீட்டில் சண்டையைக் கேட்ட பிள்ளை காலையில் கரும்பலகையைப் பார்த்தபடி எங்கோ இருப்பதைக் காணும்போது, படிப்புக்கு வெளியேயும் காரணத்தைத் தேட வேண்டும் என்பது எனக்கு விளங்குகிறது. 1943-இல் மாஸ்லோ என்ற அமெரிக்கர் இதையே வேறு விதமாகச் சொன்னார். பசியும் பாதுகாப்பும் முதலில். அவை தீர்ந்த பிறகே மற்ற நாட்டங்கள் தலைதூக்கும். பசியாறாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிற எங்களுக்கு இதற்குச் சாட்சி தேவையில்லை.

கெஸ்டால்ட் கொள்கையினர், மனம் எதையும் துண்டு துண்டாக அன்றி முழு வடிவமாகக் காண்கிறது என்றார்கள். அவர்களில் ஒருவரான கோலர் தெனெரீபே தீவில் சிம்பன்சிக் குரங்குகளை ஆராய்ந்தார். கைக்கு எட்டாத பழத்தை எடுக்க, ஒரு குரங்கு இரண்டு குச்சிகளை ஒன்றில் ஒன்று செருகி நீளமாக்கிக்கொண்டது. விளங்குவது என்பது உருப்போடுவதிலிருந்து வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இனி, நம் தாயின் கேள்விக்கு மிக அருகில் வந்தவரைப் பார்ப்போம். பாரிஸில் ஆல்பிரட் பினே என்பவர், சைமன் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1905-இல் முதல் அறிவுச் சோதனையை உருவாக்கினார். படிப்பில் பின்தங்கியவர்களைக் கண்டுபிடித்து அவர்களுக்குத் தனி உதவி தர வேண்டும் என்பதே நோக்கம். அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது, கூடாது, குறையாது என்று பேசியவர்களை அவர் 1909-இல் கடுமையாக மறுத்தார். 1911-இல் அவர் இறந்தார். பிறகு அதே சோதனை பல இடங்களில் பிள்ளைகளின் நெற்றியில் எண்ணை ஒட்டி ஒதுக்கிவைக்கும் கருவியாயிற்று. உதவிக்கென்று பிறந்த அளவுகோல் "மக்கு" முத்திரையாக மாறிய சோகம் இது.

பினே பணியாற்றிய அதே பாரிஸ் கூடத்தில், 1920 வாக்கில், ஜான் பியாஜே என்ற ஸ்விட்சர்லாந்து இளைஞர் சோதனைத் தாள்களோடு வேலை செய்தார். சரியான விடைகளைவிடத் தவறான விடைகளே அவரைக் கவர்ந்தன. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரியாகத் தவறு செய்வதைக் கண்டார். பிள்ளை குறைவாகச் சிந்திக்கவில்லை, வேறு விதமாகச் சிந்திக்கிறது என்ற ஆராய்ச்சிக்கு அதுவே வித்து.

இதை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன். 52-இலிருந்து 27 போனால் 35 என்று எழுதினான். 71-இலிருந்து 34 போனால் 43. பக்கம் முழுதும் சிவப்புக் கோடு. தாளை மறுபடியும் பார்த்தேன். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருந்தான். ஒரு கணக்கில்கூட அந்த முறை மாறவில்லை. பத்துத் தவறு போலத் தெரிந்தது ஒரே தவறுதான். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் கடன் வாங்குவதைக் கையால் செய்ய வைத்தேன். ஒரு வாரத்தில் கணக்கு வந்துவிட்டது. தனியாக எட்டாத படியை ஒருவர் கைகொடுத்தால் பிள்ளை எட்டும், அந்தப் படியில்தான் ஆசிரியர் நிற்க வேண்டும் என்று சொன்ன ரஷ்யர் வைகாட்ஸ்கி, 1934-இல் 37 வயதிலேயே மறைந்தார்.

இன்னொரு செய்தி. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். சூட்டிகையான பையன், கணக்கும் வரும், ஆனால் எளிய சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. பாடங்கள் எல்லாம் வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவன் ஆசிரியர் சொன்னாராம். டிஸ்லெக்சியா என்று இன்று நாம் அறிந்துள்ள வாசிப்புக் குறைபாடு அது. அறிவுக் குறைவு அதற்குக் காரணமே இல்லை. தனிப் பயிற்சியால் அத்தகைய பிள்ளைகள் முன்னேறுகிறார்கள்.

இத்தனை கொள்கைகளில் எது சரி என்று கேட்கிறீர்களா? ஒவ்வொன்றும் பிள்ளையின் ஒரு பக்கத்தைக் காட்டியது. முழுப் பிள்ளையையும் தினம் பார்க்கிறவர்கள் நாம்தான். ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை அந்தச் சொல் நாவில் வரும்போது சற்றுப் பொறுங்கள். பிள்ளைக்குக் கரும்பலகை சரியாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா? பசியோடு போகிறதா? எதற்காவது பயப்படுகிறதா? எந்தப் படியில் நின்றுவிட்டது? இவற்றைக் கேளுங்கள். பள்ளிக்கு வந்து எங்களோடும் பேசுங்கள். எழுத்துகளே புரளுவதுபோல் பிள்ளை தடுமாறினால் மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தவறிய தாளைக் கிழித்தெறியாமல் எடுத்து வையுங்கள். பிள்ளை எங்கே வழி தப்பியது என்பதற்கு அந்தத் தாளே நமக்குத் துப்பு.