வாசற்படிப் பாடம்

கொடுங்கையூர் என்றதும், “குப்பைமேட்டின் அருகிலா?” என்றே கேட்பர். 250 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் பல்லாண்டுகளாகக் குவிந்த மேடு அது. அங்குத் தீப்பற்றிய நாள்களில் சன்னலை அடைத்துவிட்டு விடைத்தாள் திருத்தியிருக்கிறேன்.

அவ்விடத்திலேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வரவிருப்பதை அறிந்து, குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஒன்றுதிரண்டன. எரித்த குப்பை மறைந்துவிடுவதில்லை. சாம்பலாகவும் டையாக்சின் போன்ற நஞ்சாகவும் உருமாறுகிறது. நம் வீட்டுக் குப்பையிலோ ஈரக்கழிவே மிகுதி, அது எளிதில் எரியாது, உரமாக்கத் தக்கது. இதனை வீடுதோறும் விளக்கும் பணியில் நானும் இணைந்தேன். வகுப்பில் நாற்பது நிமிடம் பேசிப் பழகிய நாவுக்கு வாசற்படியின் இரண்டு நிமிடம் பெருஞ்சோதனைதான்! 2025 மே மாதத்தில் மக்கள் மனிதச் சங்கிலியாகச் சாலையில் கைகோத்து நின்றனர்.

“ஆசிரியருக்கு இது எதற்கு?” என்றனர் உறவினர். திரு.வி.க. வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தவர். அப்பணியைத் துறந்து 1917இல் ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள பெரம்பூர்ப் பகுதியில், பக்கிங்காம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்க்காக 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைமையேற்ற அச்சங்கத்திற்காக முன்னின்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். உறவினர்க்கு இதனையே விடையாகச் சொன்னேன்.

உறவினரினும் கடினமான வினாவை எழுப்பியவர் மூன்றாம் தெரு மூதாட்டி. “நாங்க பிரிச்சுதான் வைக்கிறோம் சார், வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?” என்றார். அடுத்த கூட்டத்தின் முதற்பொருளாக அவ்வினாவையே எழுதிவைத்தோம்.