ஐஸ் பூட்ஸா, பேண்டேஜா?

வாரம் முழுக்க பொட்டி தட்டிவிட்டு, சனிக்கிழமையானால் பெங்களூருக்கு வெளியே ஒரு லாயத்தில் குதிரையேற்றம் பழகுகிறேன். (தொப்பையைக் குறைக்கத்தான், வேறென்ன!) போன மாதம் ஒருநாள் போனால், நான் ஏறும் கிழட்டுப் பெட்டைக்குதிரைக்கு முன்னங்கால் ஒன்று வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது.

நமக்குத்தான் எஞ்சினியர் மூளையாச்சே! பேண்டேஜை எடுத்து இறுக்கிச் சுற்ற ஆரம்பித்தேன். லாயத்து அண்ணன் கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, முட்டிக்குக் கீழ குதிரைக்கு சதையே கிடையாது. தோலு, நரம்பு, எலும்பு அவ்ளோதான். இறுக்குனா நரம்பு போயிடும்."

(நரம்பு என்று அவர் சொன்னது தசைநாணை.)

ஐஸ் பூட்ஸா பேண்டேஜா என்றால், ரெண்டும்தான். வரிசைதான் முக்கியம். புது வீக்கம், சூடு என்றால் முதலில் ஐஸ் பூட்ஸ், 20 நிமிஷம். கழற்றி, ஈரம் போகத் துடைத்து, தடிமனாகப் பஞ்சு வைத்து, அதன்மேல் சுருக்கமில்லாமல் சீராக பேண்டேஜ். எதிர்க்காலுக்கும் ஒன்று. பாரமெல்லாம் அதுதானே தாங்குகிறது? ரெண்டு பின்னங்காலும் சூடில்லாமல் வீங்கினால், பெரும்பாலும் ராத்திரி நின்றே கிடந்ததால், நடக்கவிட்டால் வடிந்துவிடும். ஒரே கால், சூடு, நொண்டல் என்றால் உடனே டாக்டர்.

டாக்டர் ஸ்கேன் பண்ணிவிட்டு, தசைநாணில் அடி, மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்றார்.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்கு முந்தின சனிக்கிழமை அவள் தயங்கித் தயங்கி நின்றாள். "இன்னும் ஒரே ரவுண்டு" என்று குதிகாலால் தட்டியவன் நான்தான்.

இப்போதும் சனிக்கிழமை போகிறேன். ஏறுவதில்லை. பூட்ஸோடு அவள் நிற்கும் 20 நிமிஷமும் பக்கத்திலேயே நிற்கிறேன். தொப்பை அப்படியேதான் இருக்கிறது.