பைய ஓட்டு, தூரே நோக்கு

ஆரியசாலையில் வண்டி ஓட்டிவிட்டால் எங்கேயும் ஓட்டலாம் என்பான் தம்பி. மிகையில்லை. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தொடங்கும் சாலைக் கடைத்தெரு, கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் வழியில் இருக்கிறது ஆரியசாலை. லாரி, தள்ளுவண்டி, தலையில் மூட்டையோடு சுமட்டுத் தொழிலாளி, இவர்களுக்கு நடுவே எப்படியும் ஒரு பசு. ஹாரன் அடித்தால் பசுகூடத் திரும்பிப் பார்க்காது. தெருவில் தமிழும் மலையாளமும் சம அளவில் புழங்கும்; திட்டு விழுவதும் இரண்டிலும்தான். மறைந்த எழுத்தாளர் ஆ. மாதவன் கடை நடத்திக்கொண்டே தன் கடைத்தெருக் கதைகளை எழுதியது இந்தச் சாலையில்.

இங்கேயே பிறந்து வளர்ந்தும் நாற்பத்தாறு வயதுவரை நான் பின்சீட்டுக்காரி. முன்னால் எப்போதும் தம்பி. சர்க்கரை நோய் அவன் விழித்திரையைப் பாதித்த பிறகு, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுடைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் கடையோரம் உறை போர்த்தி நின்றது. "வித்துடலாமாடா?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுநாள் காலை, மங்கிய கண்ணோடு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவானது அப்போதுதான். கியர் இல்லாத ஸ்கூட்டர் போதாதா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். போதும்தான். ஆனால், வாசலில் நின்றது மோட்டார் சைக்கிள்.

நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி, பத்மநாபபுரத்திலிருந்து கிளம்பும் ஊர்வலத்தில் வந்து ஆரியசாலை தேவி கோவிலில் தங்குவார். விஜயதசமியன்று வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்குப் புறப்படுவார். கேரளத்தில் குழந்தைகளுக்கு அரிசியில் எழுத்து தொடங்கிவைப்பதும் அன்றுதான். 2024ஆம் ஆண்டு அதே நாளில், எல் போர்டு மாட்டிய வண்டியில், ஒரு மைதானத்தில் நடந்தது என் வித்யாரம்பம். கிளச்சை விட்டேன். வண்டி துள்ளி, இருமி, நின்றது. இப்படி ஏழு முறை.

டிரைவிங் ஆசிரியரை இங்கே 'ஆசான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் ஆசான் முதல் நாள் ஆக்சிலேட்டரைத் தொடவே விடவில்லை. கிளச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் தணிந்து, வண்டி தானாக முன்னே நகரப் பார்க்கும். அந்த இடத்தை விரல்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

அவருடைய பாடத்திட்டம் இரண்டே சொற்கள். பதற்றத்தில் முறுக்கினால் "பையெ". முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் "தூரே நோக்கு". அவருக்கு அது அன்றாட மலையாளம். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கோ தூக்கிவாரிப் போட்டது. நோக்குதல், பைய இரண்டுமே குறளின் குறிப்பறிதல் அதிகாரத்தில், 1098ஆம் குறளில் சேர்ந்து வருகின்றன. அங்கே விஷயம் காதல், இங்கே கிளச்சு. நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் 'பைய' இன்னும் பேச்சில் உயிரோடிருக்கிறது.

அறிவுரையும் சரியானதுதான். கண் போகிற பக்கம் வண்டி போகும். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்தில்தான் இறங்கும். மொழிபெயர்ப்பிலும் சொல்லுக்குச் சொல் குனிந்து பார்ப்பவர் வாக்கியத்தில் தடுக்கி விழுவார்.

வேகமாகப் போவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஓட்டம் பிடித்த வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். ஊர்ந்து போகும்போதுதான் தள்ளாடும். அதனால்தான் பரீட்சையில் 'எட்டு' போடச் சொல்கிறார்கள். கம்பிகளுக்கு நடுவே எட்டு வடிவில், கால் ஊன்றாமல் சுற்றி வர வேண்டும். முன்பு இடது கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றும் பஜாஜ் எம்80யில் பலர் இதைச் சமாளித்தார்கள். 2024 ஆகஸ்டில் கேரளத்தில் அதற்கான அனுமதியை நிறுத்தினார்கள். கால் கியர் வண்டிதான் வேண்டும் என்றார்கள். ரகசியம் இவ்வளவே: பாதி கிளச்சு, சீரான ஆக்சிலேட்டர், லேசாகப் பின் பிரேக். திரும்பும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி சாயும். நேராக ஓடும்போது கதையே வேறு. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சரிவதால், வண்டியை அதிகம் நிறுத்துவது முன் பிரேக்தான். முதல் பரீட்சையில் நான் முன் பிரேக்கைப் பிடித்தேன். கால் ஊன்றியது. தோல்வி.

அன்றிரவு எனக்குப் பயம் வந்தது. காரணமில்லாத பயம் அல்ல. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். நாற்பது வயதுக்கு மேல் இந்த ஆசை தேவையா என்று தம்பியிடமே கேட்டேன். "பயம் இருக்கட்டும் அக்கா. பயம் இல்லாதவனுக்குப் பின்னாடி நான் உக்கார மாட்டேன்" என்றான்.

பிறகுதான் புரிந்தது, அவனும் பாடம் நடத்திக்கொண்டிருந்தான் என்பது. ஆசானைப் பின்னால் உட்காரவைத்து நான் தெருவில் பழகும்போது, அவன் கடைப்படியில் உட்கார்ந்து காதால் பார்த்துக்கொண்டிருப்பான். வீடு திரும்பியதும் ரிப்போர்ட் வரும்: "மூணாவது கடைகிட்ட கிளச்சைச் சட்டுனு விட்டுட்ட."

இரண்டாம் முறை எட்டு சரியாக விழுந்தது.

உரிமம் கிடைத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். இருவருக்கும் ஹெல்மெட். பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. என் தோளில் கைவைத்து, வாசனையை வைத்தே தெருவைச் சொல்லிக்கொண்டு வந்தான்: மிளகாய் வற்றல், வெல்லம், பூ. கிள்ளிப்பாலம் தாண்டியதும் சாலை அகன்றது. நான் இரண்டாவது கியரிலேயே போய்க்கொண்டிருந்தேன்.

"அக்கா, வண்டி கத்துது. தேர்டு போடு."

போட்டேன்.